தூதரக வாசலும் தொழிலாளியும்

“ஏனுங்க தோழரே, அமெரிக்காக்காரன் ஆபீசுக்கு நம்மூட்டுப் போலீசு எதுக்குங்க ராத்திரி பகலாக் காவல் நிக்கோணும்? அவங்கிட்ட இல்லாத காசா? அவனே ஆள் வெச்சுக்கிட்டாப் போகுது!”

சிங்காநல்லூரில் இரவு ஷிப்டு முடிந்து, தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்தபடி பஞ்சாலைத் தோழர் ஒருவர் கேட்ட கேள்வி இது. சென்னைக்குப் போனவர், அண்ணா மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தையும் அதன் வாசலில் நிற்கும் காவலர்களையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

கேள்வியில் குற்றமில்லை. அந்தக் காவலர் வாங்கும் சம்பளம் நம் வரிப்பணம். கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே கணக்கைச் சொல்லிவிடுவோம்.

தூதுவனைக் காப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமல்ல. தகடூர் அதியமான் தொண்டைமானிடம் தூதாக அனுப்பியது படைத்தலைவனையா? இல்லை, ஔவை என்னும் புலவரை! தன் படைக்கலங்களைப் பெருமையாகக் காட்டினான் தொண்டைமான். அவை புத்தம் புதிதாக, போரே காணாமல் இருப்பதை நயமாகக் குத்திக் காட்டினார் ஔவை. மன்னன் மாளிகையிலேயே மன்னனுக்குக் கேலி! ஆயினும் அவர் தலை போகவில்லை. பின்னாளில் அதியமான் மாண்டபோது அழுது பாடியவரும் அதே ஔவைதான் என்கிறது புறநானூறு. போனவர் பத்திரமாகத் திரும்பினார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? தூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர். அந்த மரபில் வந்தவர்கள் நாம்.

அந்த மரபை உலக நாடுகள் 1961 இல் வியன்னா நகரில் கூடி ஒப்பந்தமாக எழுதின. 1963 இல் துணைத் தூதரகங்களுக்கென்று இன்னோர் ஒப்பந்தம். முதல் ஒப்பந்தத்தில் இந்தியா 1965 இல் சேர்ந்தது. 1972 இல் அதற்கென்று தனிச் சட்டமும் இயற்றியது. இரண்டு ஒப்பந்தங்களிலும் ஒரு சொல் அழுத்தமாக இருக்கிறது: “சிறப்புக் கடமை.”

அதென்ன சிறப்பு? உன் வீட்டில் கல் விழுந்தால், நீ போய்ப் புகார் எழுதிக் கொடுத்த பிறகு போலீஸ் வரும்; சில வேளை வராமலும் போகும்! தூதரகத்தில் அப்படியல்ல. கல் விழுவதற்கு முன்பே தடுக்க வேண்டும். “எறிந்தவன் எவனோ, எனக்கென்ன தெரியும்?” என்று சர்க்கார் கையை விரிக்க முடியாது. எறிந்த கை சர்க்காரின் கை அல்லதான். ஆனால் தடுக்காத குற்றம் சர்க்காரின் குற்றம்.

இதை உலக நீதிமன்றமே தீர்த்துச் சொல்லியிருக்கிறது. 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர் கூட்டம் புகுந்தது. 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தனர். 1980 மே மாதத் தீர்ப்பில் நீதிமன்றம் கூறியது என்ன? முதல் நாள் புகுந்த கூட்டத்தின் செயலை ஈரான் அரசின் செயல் என்று கொள்ளவில்லை. ஆனால் தடுக்காமல் நின்றதும், பிறகு அதற்கு ஒப்புதல் கொடுத்ததும் அரசின் குற்றமே என்றது. ஈரானிய மக்களுக்கு அமெரிக்க ஆதிக்கத்தின்மேல் இருந்த கோபத்துக்கு நியாயம் உண்டு. நியாயமான கோபமும் தூதரகக் கதவை உடைக்க உரிமைச்சீட்டு ஆகாது!

டெஹ்ரான் வரை போவானேன்? நம் சென்னைக்கே வருவோம். 2012 செப்டம்பரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு படம் உலகெங்கும் கொதிப்பை மூட்டியது. செப்டம்பர் 14 அன்று சென்னைத் துணைத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம். கற்கள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. சில நாளில் மாநகரக் காவல்துறை ஆணையர் மாற்றப்பட்டார். மனம் புண்பட்டவர்களின் நியாயம் அன்று எங்கே போயிற்று? மறுநாள் பேச்செல்லாம் உடைந்த கண்ணாடியைப் பற்றி! அந்தப் பேச்சில் இழிபடம் எடுத்தவன் மறக்கப்பட்டான், கல்லெறிந்தவர் குற்றவாளியாயினர்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் அதிகாரம். காவல்துறையோ மாநிலத்தின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்து டெல்லியுடையது. கால் கடுக்க நிற்பவன் தமிழ்நாட்டுக் காவலன்! ஆபத்து வருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டியது டெல்லியின் கடமை. சொன்னபின் தடுப்பது மாநிலத்தின் கடமை. உலகத்தின் முன்னே இரண்டும் ஒரே அரசுதான். பழியை ஒருவர்மேல் ஒருவர் தள்ளும் பந்தாட்டத்துக்கு அங்கே இடமில்லை.

“சரிங்க, அதனால எனக்கென்ன?” என்று கேட்பாய், தோழா. உனக்குத்தான் எல்லாமே!

துணைத் தூதரகத்துக்குக் காவல் போடச் சொல்லும் அதே 1963 ஒப்பந்தத்தின் 36 ஆவது பிரிவைப் பார். வெளிநாட்டில் ஒரு தொழிலாளி கைதானால், “உன் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லவா?” என்று அந்நாட்டுப் போலீஸ் அவனிடம் கேட்டாக வேண்டும். சிறையில் அவனைச் சென்று காணத் தூதரக அதிகாரிக்கு உரிமை உண்டு. இந்தப் பிரிவைப் பிடித்துத்தான் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான்மீது இந்தியா உலக நீதிமன்றம் ஏறியது. 2019 ஜூலையில் தீர்ப்பும் பெற்றது. ஒரே ஏட்டின் இரண்டு பக்கங்கள் இவை. ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபக்கத்தை நீட்ட முடியுமா?

2024 ஜூன் 12 அன்று குவைத்தில், மங்காஃப் என்ற இடத்தில், தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. மாண்ட இந்தியரில் ஏழு பேர் தமிழர். இரண்டாம் நாள் விமானப்படை விமானம் உடல்களைச் சுமந்து கொச்சியில் இறங்கியது. மொழி தெரியாத ஊரில் காயம்பட்டவரைத் தேடிப் போகவும், மாண்டவரை அடையாளம் கண்டு ஊர் சேர்க்கவும், அங்கே நமக்கென்று இருந்த வாசல் எது? இந்தியத் தூதரகம்தான். நம் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்து பிழைக்கப் போகிறார்கள். பணக்காரனுக்கு வக்கீல் உண்டு. ஏழைக்கு அங்கே தூதரகமே வக்கீல், தூதரகமே உறவு. அந்த வாசலை அந்நாட்டுச் சர்க்கார் காக்க வேண்டுமென்றால், இந்த வாசலை நாம் காக்க வேண்டும்.

ஆனால் இதைச் சந்தைக் கடை வியாபாரமாக்கிவிடவும் கூடாது. 2023 மார்ச் 19 அன்று லண்டனில் இந்தியத் தூதரகத்தைக் காலிஸ்தான் கூட்டம் தாக்கி, தேசியக் கொடியை இழுத்தது. பிரிட்டிஷ் அரசின் காவல் எங்கே என்று டெல்லி கேட்டது; நியாயமான கேள்வி. ஆனால் மூன்றாம் நாள், டெல்லியில் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு வெளியே இருந்த தடுப்புகள் அகற்றப்பட்டன! பக்கத்து வீட்டுக்காரன் நம் ஆட்டைக் காக்கவில்லை என்பதற்காக நம்மிடம் விட்ட அவன் ஆட்டை ஓநாய்க்கு விடுவதா? கடமை என்பது அவன் செய்தால் நானும் செய்வேன் என்பதன்று.

கடைசியாக ஒன்று, ஆள்வோர் காதிலும் விழட்டும். காவல் வேறு, வாய்ப்பூட்டு வேறு. தூதரகத்தின் கண்ணியத்தைக் காக்கவும் ஒப்பந்தம் சொல்கிறது. அதைச் சாக்காக வைத்து, முழக்கமிடுவோரையெல்லாம் வண்டியிலேற்றி மண்டபத்தில் அடைப்பது கடமையன்று, கோழைத்தனம். 2013 மார்ச்சில் ஈழத் தமிழருக்காகத் தமிழ்நாடெங்கும் மாணவர் எழுந்தார்களே, அந்தக் குரல் இலங்கைத் தூதரகத்தின் காதில் விழ வேண்டாமா? தெரு முனையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்குக் கேட்கும் தூரத்தில் ஆர்ப்பாட்டத்துக்கு இடம் கொடு. கல்லுக்கு மட்டும் தடை போடு.

நம் தோழருக்கு இது புதுப் பாடமல்ல. ஆலை வாயிற் கூட்டத்தில் வளர்ந்தவர் அவர். கேட்டுக்கு வெளியே கொடி பிடித்து நின்றால் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். டைம் ஆபீஸ் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தால் போதும், கோரிக்கை செத்தது, வழக்குப் பிறந்தது! அந்தக் கல்லை எறிய ஆள் அனுப்புகிறவனும் பல வேளை யார் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே, தோழரே! அண்ணா மேம்பாலத்தருகே நிற்கும் காவலர் அமெரிக்காக்காரனுக்கு மட்டும் காவல் நிற்கவில்லை. கடல் கடந்து போன உம் மகன் நாளை ஏதோ ஓர் அந்நிய ஊரில் ஒரு கதவைத் தட்ட நேரலாம். அந்தக் கதவுக்கும் சேர்த்துத்தான் அவர் காவல் நிற்கிறார்.