கண்டிப்பான அப்பாவை ‘எம்டன்’ என்கிறோமே, அந்த எம்டன் பினாங்குக்கு வந்த கதை தெரியுமா?

கண்டிப்பான அப்பாவையும் யாருக்கும் பிடிகொடுக்காத ஆசாமியையும் “அவர் சரியான எம்டன்” என்று சொல்லும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. இளையோர் காதில் அது எமனோடு தொடர்புடைய சொல்போல விழக்கூடும். எமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எம்டன் என்பது ஜெர்மனியில் உள்ள ஓர் ஊர். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டில் முதலில் சென்னையையும், அடுத்த மாதமே பினாங்கையும் கலக்கிவிட்டுப் போனது. சென்னைக் கதை ஓரளவு பரவலாகத் தெரிந்தது. ஆனால், உயிர்ச்சேதம் மிக அதிகமாக நடந்தது ஜார்ஜ்டவுன் கரைக்கு முன்னால்தான்.

1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தை நெருங்கிய எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. தொட்டிகள் பற்றி எரிந்தன. பல்லாயிரம் பேர் நகரைவிட்டு ஓடினார்கள். அந்தத் தாக்குதலை நினைவுகூரும் கல்வெட்டு இன்றும் சென்னை உயர் நீதிமன்ற மதில் ஓரம் இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.

பினாங்குக்கு எம்டன் வந்தது அக்டோபர் 28 விடியற்காலையில். அதற்கு மூன்று புகைபோக்கிகள். கேப்டன் கார்ல் வோன் முல்லர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி நிறுத்தினார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, நான்கு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் கப்பலான யார்மவுத் வருவதுபோலத் தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை.

துறைமுகத்தில் ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரமிட்டிருந்தது. 1905-இல் ஜப்பானியரோடு நடந்த சுஷிமா கடற்போரில் தப்பிப் பிழைத்த கப்பல் அது. அன்று அதன் கேப்டன் கப்பலிலேயே இல்லை, கரையில் தங்கியிருந்தார். மிக அருகில் வந்த பிறகு எம்டன் தன் ஜெர்மன் கொடியை ஏற்றி, டார்பிடோ ஏவியது. அடுத்தடுத்துப் பீரங்கிக் குண்டுகள், மீண்டும் ஒரு டார்பிடோ. கப்பல் உடைந்து மூழ்கியது. இறந்த மாலுமிகள் ஏறத்தாழ 90 பேர், காயமடைந்தோர் நூற்றுக்கும் மேல். அந்தக் கேப்டனுக்குப் பின்னர் போர் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

வெளியேறும் வழியில் ‘மூஸ்கே’ என்ற சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் எதிரே வந்தது. அதையும் எம்டன் மூழ்கடித்தது. ஆனால், தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரைத் தூக்கி ஏற்றிக்கொண்ட பிறகே கிளம்பியது. ஜெம்சுக் மாலுமிகளைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்து, வழியில் நிறுத்திய ஒரு வணிகக் கப்பல் மூலம் முல்லர் பினாங்குக்குச் செய்தியும் அனுப்பினார். எதிரிகளே அவரை மதித்ததற்கு இதுபோன்ற செயல்கள்தான் காரணம். தமிழில் ‘எம்டன்’ வெறும் கெட்டவனைக் குறிக்காமல், பயமும் வியப்பும் கலந்த சொல்லாக நின்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சிங்களத்தில் எம்டன் என்றால் தந்திரசாலி. மலையாளத்தில் ‘எமண்டன்’ என்றால் மிகப் பெரியது. தமிழ்ச் சினிமாவிலும் கண்டிப்பான அப்பாவைப் பற்றிய ‘எம்டன் மகன்’ 2006-இல் வந்தது. தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்பதால் அது ‘எம் மகன்’ ஆனது. நூறாண்டு பழகிய சொல் சட்டத்தின் கண்ணுக்குத் தமிழாகத் தெரியவில்லை!

சட்டம் அப்படிப் பார்க்கட்டும், கடல் எந்த மொழியையும் தனியாக விட்டுவைத்ததில்லை. ‘மாலுமி’ அரபுச் சொல்லான ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்தது. மலாயில் கப்பல் அதிகாரியை ‘முஆலிம்’ என்பதும் அதே வேர்தான். ‘நங்கூரம்’ பாரசீகம். நம் பக்கமிருந்து போனது ‘கப்பல்’. மலாயில் அது ‘காப்பால்’. பினாங்கின் செல்லப்பெயரான ‘பூலாவ் முத்தியாரா’வில் உள்ள முத்தியாராவும் நம் ‘முத்தாரம்’ வழியாகப் போன சொல் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. ரஷ்ய மொழியில் ‘ஜெம்சுக்’ என்றாலும் முத்துதான். முத்துத் தீவின் வாசலில் மூழ்கியது ஒரு முத்து.

மூழ்கிய கப்பலுக்கு மீனவர்களிடம் வேறு கணக்கு உண்டு. வலையைக் கிழிப்பதும் அதுதான், மீனைச் சேர்ப்பதும் அதுதான். கடலடியில் மீன் கூடும் பாறை மேட்டை மலாய் மீனவர்கள் ‘துக்குன்’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் அதற்குப் ‘பார்’ என்று பெயர். முத்துக் குளித்த இடங்கள் ‘முத்துப் பார்’. இரும்போ மரமோ கடலடியில் கிடந்தால் அதில் பாசியும் சிப்பியும் ஒட்டும். அதைத் தின்னச் சிறு மீன் வரும், சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். அதனால்தான் மீன்வளத்துறை 1975-இல் கெடாவின் தெலோர் தீவருகே பழைய டயர்களைப் போட்டுச் செயற்கைத் துக்குன் அமைத்தது. அத்துமீறி வந்து பிடிபட்ட வெளிநாட்டுப் படகுகளையும் இப்படி மூழ்கடிப்பதுண்டு.

எம்டன் அதிக நாள் ஓடவில்லை. பினாங்கைத் தாக்கிய 12-ஆம் நாள், நவம்பர் 9 அன்று, கோக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுத் தரைதட்டியது.

ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுச்சின்னம் ஜார்ஜ்டவுனில், ஜாலான் உத்தாமாவில் உள்ள பழைய கிறிஸ்துவக் கல்லறையில் இருக்கிறது. ரஷ்யத் தூதரகத்தினர் வந்து மலர்வளையம் வைப்பதுண்டு. இறந்தவர்களில் சிலர் ஜெரெஜாக் தீவில் புதைக்கப்பட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர், தோட்டத்துக்கு அனுப்பப்படும் முன் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைக்கப்பட்டதும் அதே தீவில்தான்.