ஒரே புதிர், ஆளுக்கொரு விடை

டிசம்பர் மாதம், மதியம் மணி 1. விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட உட்காரும் நேரம். (அதிகாலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். அந்த வேலைக்கு அப்படியொரு நேரம் அமைந்ததன் காரணம் இதுதான்.) அதே மதியம் 1 மணிக்கு உலகின் பல மூலைகளில் ஆயிரக்கணக்கானோர் கணினித் திரையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு 12. அங்கே நாள் மாறியதும் ஒரு புதிர் திறக்கும்.

இதன் பெயர் ‘அட்வெண்ட் ஆஃப் கோட்’. கிறிஸ்துமஸுக்கு முந்திய காத்திருப்புக் காலத்தைக் கிறிஸ்தவர்கள் ‘அட்வெண்ட்’ என்பார்கள். அந்த நாள்களில் மேல்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கதவுகள் கொண்ட அட்டை நாள்காட்டி ஒன்று கிடைக்கும். நாளுக்கு ஒரு கதவு. திறந்தால் உள்ளே ஒரு மிட்டாய். எரிக் வாஸ்டல் என்ற அமெரிக்க நிரலர், 2015ஆம் ஆண்டில் மிட்டாய்க்குப் பதிலாக ஒரு நிரலாக்கப் புதிரை வைத்தார். ஏறக்குறைய 70 பேர் வருவார்கள் என்று எண்ணித்தான் தளத்தை அமைத்தார். முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். அன்று முதல் ஆண்டு தவறாமல் நடக்கிறது. 2024 வரை ஆண்டுக்கு 25 புதிர்கள். 2025இல் 12 ஆகக் குறைந்தன.

நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? முதலில் புதிர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம்.

ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு பகுதிகள். முதல் பகுதியை முடித்தால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும். அப்போதுதான் இரண்டாம் பகுதி கண்ணில் படும். கேள்வி பெரும்பாலும் அதேதான். ஆனால் ஒரு சின்ன மாற்றம் இருக்கும். அந்தச் சின்ன மாற்றம் உங்கள் வழிமுறையையே கவிழ்த்துவிடும்.

2021ஆம் ஆண்டு ஆறாம் நாள் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் ஒரு வகை மீன். ஒவ்வொரு மீனுக்குள்ளும் ஒரு எண் இருக்கிறது. நாளுக்கு ஒன்றாக அது குறையும். எண் 0 ஆனதற்கு மறுநாள் அந்த மீன் ஒரு குட்டி போடும். தாயின் எண் மீண்டும் 6 ஆகிவிடும், குட்டியின் எண் 8இல் தொடங்கும். தொடக்கத்தில் 3, 4, 3, 1, 2 என்று ஐந்து மீன்கள். 80 நாளுக்குப் பிறகு எத்தனை?

பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? மீன்களை வரிசையாக ஒரு பட்டியலில் எழுதி, நாள்தோறும் ஒவ்வொரு எண்ணையும் குறைத்து, குட்டி பிறந்தால் பட்டியலின் கடைசியில் சேர்ப்பார்கள். 80 நாளில் 5,934 மீன்கள். கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. விடை சரி, நட்சத்திரமும் வந்துவிட்டது.

இரண்டாம் பகுதி கேட்பது இவ்வளவுதான்: 256 நாளுக்குப் பிறகு?

விடை 26,984,457,539. உலக மக்கள்தொகையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! ஒரு மீனுக்கு ஒரு பைட் என்று சிக்கனமாக வைத்தாலும் பட்டியலுக்கு 27 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். வீட்டில் இருக்கும் மடிக்கணினி பாதி வழியிலேயே திணறி நின்றுவிடும்.

இங்கே தோட்டத்துப் பால் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். பாலை நிறுக்கும்போது ஆள் வாரியாக எழுதுகிறார்கள், ஏனென்றால் சம்பளம் அதைப் பொறுத்தது. ஆனால் ஆலைக்கு அனுப்பும்போது மொத்த எடை மட்டும் போதும். எந்தப் பால் எந்த மரத்தில் ஊறியது என்று யாரும் கேட்பதில்லை. மீன் கணக்கும் இதே கதைதான். எண் 3 உள்ள இரண்டு மீன்களுக்குள் எந்த வேறுபாடும் இல்லை. ஆகவே மீன்களைத் தனித்தனியாக எழுதவே வேண்டாம். 0 முதல் 8 வரை ஒன்பது பெட்டிகள் போதும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண்ணுள்ள மீன்கள் எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். நாள் மாறும்போது எல்லாவற்றையும் ஒரு பெட்டி கீழே தள்ளுங்கள். 0ஆம் பெட்டியில் இருந்த எண்ணிக்கையை 6ஆம் பெட்டியிலும் 8ஆம் பெட்டியிலும் சேருங்கள். அவ்வளவுதான்! 256 நாள் என்ன, ஆயிரம் நாள் ஆனாலும் ஒன்பது பெட்டிகள்தான்.

இந்தப் போட்டியின் விதிப்பக்கத்தில் வாஸ்டல் ஒரு வாக்குறுதி தந்திருக்கிறார். பத்து ஆண்டு பழைய கணினியில்கூட, எந்தப் புதிருக்கும் அதிகம் போனால் 15 விநாடிக்குள் விடை தரும் வழி ஒன்று உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த வரி அதுதான். அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினி திணறுகிறதென்றால், குறை மடிக்கணினியில் இல்லை, வழிமுறையில் இருக்கிறது. விலை உயர்ந்த கணினி வைத்திருப்பவருக்கும் அதே மீன்கள், அதே ஒன்பது பெட்டிகள்.

இனி, இத்தனை பேர் எப்படிச் சேர்ந்து ஒரு புதிரை விடுவிக்கிறார்கள்? ஒருவர் விடையைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் ஆட்டம் முடிந்துவிடாதா? முடியாது. புதிர் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் கணக்கிட வேண்டிய தரவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் தரவில் ஐந்துக்குப் பதில் சில நூறு மீன்கள் இருக்கும். உங்கள் தோழியின் தரவில் வேறு மீன்கள். அவருடைய விடையை நீங்கள் பார்த்து எழுதினால், இது தவறு, ஆனால் வேறொருவருக்குச் சரியான விடை என்று தளமே குறும்பாகச் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும்! தவறான விடை தந்தவர் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்; ஊகித்துக்கொண்டே போனால் அந்தக் காத்திருப்பு நீளும்.

ஆக, விடையைக் கடன் வாங்க முடியாது. வழிமுறையை வாங்கலாம், கொடுக்கலாம். புதிர் திறந்த சில மணி நேரத்தில் உலகெங்கும் இருப்பவர்கள் தங்கள் நிரல்களைப் பொதுவில் வைக்கிறார்கள். ஒருவர் பைத்தானில் எழுதியிருப்பார், இன்னொருவர் எக்செல் விரிதாளிலேயே முடித்திருப்பார். தளம் கேட்பது விடையாகிய எண்ணை மட்டுமே. அதை எந்த மொழியில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பதில்லை. தாளிலும் பென்சிலிலும் கண்டுபிடித்தாலும் சரி. திணறி நிற்பவருக்கு விடையைச் சொல்லாமல், “மீன்களை எண்ணாதே, பெட்டிகளை எண்ணு” என்பது போல ஒரு குறிப்பை மட்டும் தரும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது. நம் ஊர் கோத்தோங் ரோயோங் போலத்தான்: மண்வெட்டியை இரவல் தரலாம், ஆனால் அவரவர் பங்கை அவரவர்தான் வெட்ட வேண்டும்.

2024 வரை உலகத் தரப்பட்டியல் ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு பகுதியையும் முதலில் முடிக்கும் 100 பேருக்குப் புள்ளிகள். அது பரபரப்பாக இருந்தது, ஆனால் கெட்டும் போனது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, கேள்வியை மனிதர் படித்து முடிக்கும் நேரத்துக்குள்ளேயே சிலர் விடையை அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலால் மன அழுத்தமும் சச்சரவும் வளர்ந்தன. தளத்தை முடக்கும் தாக்குதல்கள்கூட நடந்தன. 2025இல் வாஸ்டல் அதை நீக்கிவிட்டார். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். முதல் 100 இடங்களுக்கான ஓட்டம் இலட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

தனிக்குழுப் பட்டியல்கள் மட்டும் இன்னும் உண்டு. யார் வேண்டுமானாலும் ஒன்றைத் தொடங்கலாம். ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். அதைத் தெரிந்தவர்கள் சேரலாம். ஒரு குழுவில் 200 பேர் வரை இடம் உண்டு.

தோட்டத்துக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களில் நிரலாக்கத்தில் ஆர்வம் உள்ளவர் ஒருவர் இருந்தால் பெரிது. அந்த ஒருவருக்குப் பேசத் துணையில்லை, பாதியில் விட்டுவிடுகிறார். அனைத்துலகத் தகவலியல் ஒலிம்பியாட் போன்ற போட்டிகளுக்கு ஒரு நாட்டிலிருந்து நான்கு பேர்தான் போக முடியும். இங்கே அப்படித் தேர்வு இல்லை, கட்டணம் இல்லை, பேருந்து ஏற வேண்டியதில்லை. ரந்தாவில் ஒருவர், பகாவில் இருவர், போர்ட்டிக்சனில் ஒருவர், கெமாஸில் ஒருவர் என்று ஒரு புலனக் குழுவில் கூடினாலே ஒரு குழு ஆகிவிடும். இணைய வேகம் குறைவா? புதிரும் தரவும் வெறும் எழுத்துகள்தான். ஒருமுறை இறக்கிக்கொண்டால் விடையை அனுப்பும் வரை இணையமே வேண்டாம்.

ஓர் உண்மையான தடை உண்டு: புதிர்கள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. கிறிஸ்துமஸ் தாத்தாவும் அவருடைய குட்டி உதவியாளர்களும் வரும் நீண்ட கதைக்குள் கேள்வி ஒளிந்திருக்கும். குழுவில் ஆங்கிலம் நன்றாக வாசிக்கும் ஒருவர் கேள்வியை மட்டும் தமிழில் நாலு வரியில் எழுதிப் போட்டால், மற்றவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. எழுதியவருக்கும் இலாபம்தான், கேள்வியைச் சுருக்கிச் சொல்ல முடிந்தவருக்கு வழிமுறையும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

டிசம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். 2015 முதல் 2025 வரை வந்த 262 புதிர்களும் திறந்தே இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டின் முதல் சில நாள்களும் எளியவை, அங்கிருந்து தொடங்குங்கள். அதற்கு முன், ஒரு தாளில் ஒன்பது கட்டங்கள் வரைந்து 3, 4, 3, 1, 2 மீன்களை இட்டுப் பாருங்கள். இரண்டாம் நாள் முடிவில் 6 மீன்கள், மூன்றாம் நாள் 7, நான்காம் நாள் 9 வர வேண்டும். 18ஆம் நாள் 26 வந்தால் உங்கள் பெட்டிகள் சரியாக ஓடுகின்றன.