காதால் படிக்கும் இணையம்

1990-களில் லினக்ஸ் வைத்திருந்த பார்வையற்றவருக்கு உலாவி என்றால் லிங்க்ஸ்தான். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த அது படம் காட்டாது. எழுத்தை மட்டும் தரும். அந்த வரிகளை பிரெய்ல் கருவியில் விரலால் படிக்கலாம், பேச்சாகவும் கேட்கலாம். 1995-இல், பார்வையற்ற இந்தியக் கணினி அறிஞர் டி. வி. ராமன் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். திரையில் கிடப்பதை அப்படியே ஒப்பிக்காமல், எது தலைப்பு, எது இணைப்பு என்பதைக் குரலிலேயே உணர்த்திய மென்பொருள் அது.

பிறகு பக்கங்கள் ஜாவாஸ்கிரிப்டால் நிரம்பின. லிங்க்ஸுக்கு அவை திறக்கவில்லை. வரைகலைத் திரையிலோ வேறு சிக்கல். ‘நான் ஒரு பொத்தான்’ என்று மென்பொருளே சொல்லாவிட்டால், திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே எதுவும் இல்லை. அதைச் சொல்வதற்கான வழியை லினக்ஸின் வரைகலைத் திரையான க்னோமில் அமைத்ததில் சன் நிறுவனப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்கள் தொடங்கிய ஆர்கா என்ற ஸ்கிரீன் ரீடர் 2006-இல் க்னோமோடு சேர்ந்தே வந்தது. 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வெளியான பிறகுதான் ஆர்கா இணையப் பக்கங்களை ஒழுங்காக வாசித்தது.

2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியதும் அந்தக் குழு கலைந்தது. ஜோன்மேரி டிக்ஸ் போன்ற மிகச் சிலர் விடாமல் சுமந்ததால்தான் ஆர்கா பிழைத்தது. மூலநிரல் திறந்திருந்தால் யாராவது வந்து பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இங்கே பலிக்கவில்லை. இந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க ஆள் வேண்டும்.

இன்று ஆர்காவில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, கே என்றால் அடுத்த இணைப்பு. குரோமியம் உலாவியும் ஆர்காவோடு பேசுகிறது. இலவசக் குரல் மென்பொருளான ஈஸ்பீக் தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமானது, ஆனால் செய்தி புரியும்.

ஆனாலும் நம் நினைவுக்குக் கடைசியில் வருபவர்கள் பார்வையற்ற பயனர்கள்தாம். ஒரு மென்பொருளின் விசையழுத்தங்களை இன்னொன்று ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது, லினக்ஸ் திரையைக் கையாளும் புதிய அமைப்பான வேலண்டின் விதி. பாதுகாப்புக்கு நல்லது; ஆனால் எல்லா இடத்திலும் விசையைக் கேட்டாக வேண்டிய ஸ்கிரீன் ரீடருக்கு அதுவே தடையாயிற்று. ஃபெடோரா லினக்ஸ் 2016-லேயே வேலண்டை இயல்பாக்கிவிட்டது. கேப்ஸ் லாக்கை ஆர்காவுக்குக் கட்டளையிடும் விசையாக வைத்திருந்தவர்களுக்குத் தீர்வு வந்தது 2025-இல், க்னோம் 48-இல்.

இணையதளம் கட்டும் நண்பர்களே, க்னோமில் சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; ஆர்கா பேசும். திரையை அணைத்துவிட்டு, நீங்கள் செய்த படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.