ரைஃபிள் ஸ்கோப்: எவ்வளவு உயரத்துல மாட்டணும்?

‘ஸ்கோப்பை முடிஞ்சவரை தாழ்வா மாட்டு’ன்னு சொல்வாங்க. பாதிதான் உண்மை. 50 மி.மீ. லென்ஸ் வெச்ச ஸ்கோப்போட முன்பக்கம் சுமார் 57 மி.மீ. அகலம். அது பேரலில் உரசக் கூடாது. 2, 3 மி.மீ. இடைவெளி போதும். போல்ட்டைத் தூக்கும்போது பின்பக்கம் இடிக்கவும் கூடாது.

உயரத்தை முடிவு பண்றது உங்க கன்னம்தான். துப்பாக்கி காலியான்னு பார்த்துட்டு (இதுல சமரசமே கிடையாது!), கண்ணை மூடி, ஸ்டாக்கில் கன்னத்தைப் பதிச்சு, கண்ணைத் திறங்க. முழு வட்டம் தெரிஞ்சா, அதுதான் சரியான உயரம். தலையைத் தூக்கித் தேடினா, ஸ்கோப் ரொம்ப மேலே இருக்கு. தாடையை மட்டும் ஊன்றிச் சுட்டா, ஒவ்வொரு தடவையும் கண் வேற இடத்துல நிக்கும், குறியும் தப்பும். வேட்டையில் அது விலங்கைக் காயத்தோடு ஓடவிடும்.

ஏஆர்-15 ரகத்துக்கு ஸ்டாக் பேரலோட நேர்கோட்டில் இருக்கும். அதனால அங்கே 1.5 அங்குல உயரம் சகஜம். அதே மவுன்ட்டை சாதாரண வேட்டை ரைஃபிளில் மாட்டினா, ஸ்டாக்கில் பேட் வெச்சுக் கன்னத்தை உயர்த்த வேண்டியிருக்கும்.