குருதி கூறும் சான்று

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 1961ஆம் ஆண்டு வெளியாயிற்று. மலேரியாவுக்குப் பலமுறை ஆளாகி, அதனைத் தாங்கும் ஆற்றல் பெற்ற பெரியவர்களின் குருதியிலிருந்து காமா குளோபுலின் என்னும் புரதப் பகுதியைப் பிரித்தெடுத்தனர். அதனை மலேரியாவால் வாடிய குழந்தைகளுக்குச் செலுத்தினர். குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. அப்புரதப் பகுதியில் இருந்த எதிர்ப்பொருள்களே இதற்குக் காரணம் என்பது புலனாயிற்று.

கண்ணுக்குப் புலப்படாத எதிர்ப்பொருள்களை எவ்வாறு அளப்பது? சுவீடன் நாட்டில் எவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகியோர் 1971இல் வெளியிட்ட எலைசா முறை இதற்கு வழிவகுத்தது. பூட்டுக்கேற்ற சாவிபோல, எதிர்ப்பொருள் தனக்குரிய எதிர்ப்பொருள் தூண்டியோடு இணைகிறது என்பதே இம்முறையின் அடிப்படை.

சிறு குழிகள் 96 கொண்ட நெகிழித் தட்டில், மலேரியா ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதம் ஒன்றை இட்டு, ஓரிரவு குளிரில் வைப்பர். புரதம் குழியின் சுவரில் படியும். எஞ்சிய இடங்களில் பிற பொருள்கள் ஒட்டாதவாறு பால்பொடிக் கரைசலால் மூடுவர். பின்னர், நீர்த்த சீரத்தைச் சேர்ப்பர். உரிய எதிர்ப்பொருள் இருப்பின் அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஏனையவை கழுவும்போது நீங்கும். அடுத்து, நொதி பிணைக்கப்பட்ட இரண்டாவது எதிர்ப்பொருளை இடுவர். இது மனித எதிர்ப்பொருளைப் பற்றும். மீண்டும் கழுவி, நிறமற்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் நொதி அதற்கு நிறமூட்டும். நிறம் அடர்ந்திருப்பின் எதிர்ப்பொருள் மிகுதி, வெளிறியிருப்பின் குறைவு. ஒளி அளவி இந்நிறத்தை எண்ணாகக் காட்டும்.

அவ்வெண் மட்டுமே முடிவாகாது. மலேரியாவை அறியாத இடங்களில் வாழ்வோரின் சீரத்தையும், எதிர்ப்பொருள் உண்டென முன்பே உறுதிசெய்த சீரத்தையும் அதே தட்டில் சோதித்து ஒப்பிடுதல் வேண்டும்.

எதிர்ப்பொருள் இருப்பதனாலேயே ஒருவர் இன்று நோயுற்றுள்ளார் எனக் கூறலாகாது. நோய் நீங்கிய பின்னும் அது நீடிக்கும். இன்றைய காய்ச்சலின் காரணத்தை அறியக் குருதிப் பூச்சினை நுண்ணோக்கியால் ஆராய்தல் வேண்டும். ஆயினும், ஓர் ஊரின் கடந்தகால நிலையை எதிர்ப்பொருள் உணர்த்தும். முதியோரிடம் அது மிகுந்தும், பள்ளிச் சிறுவரிடம் இல்லாமலும் இருப்பின், அச்சிறுவர் பிறந்த பின்னர் அவ்வூரில் மலேரியா பரவல் பெரிதும் தணிந்துள்ளது என அறியலாம். சிறுவரிடமும் அது காணப்படின், கொசு ஒழிப்புப் பணியை அங்கே நிறுத்தலாகாது.