நிலமும் அதன் சாட்சியும்

தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் இராயகிரி என்னும் பேரூர் அமைந்துள்ளது. அவ்வூர் உழவனுக்கு நிலமே செல்வம். மக்களுக்கு அவன் விட்டுச் செல்லும் உடைமையும் அதுவே. ஆயினும், 'இது என் நிலம்' என்று அவன் கூறினால் மட்டும் போதாது. அதற்குச் சாட்சி வேண்டும். அச்சாட்சியே நில ஆவணம்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கிராமத்து நிலமும் புலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் இடப்பட்டுள்ளது. ஒரு புலம் பலருக்குப் பங்கிடப்பட்டால், அப்பங்குகள் உட்பிரிவு எண்களைப் பெறும். முற்காலத்து அளவையாளர் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய சங்கிலியைப் பிடித்து வயல்களை அளந்தனர். புலத்தின் குறுக்கே ஒரு நேர்கோட்டை அமைத்து, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தொலைவைக் குறித்தனர். மூலைகளில் கல் நாட்டினர். இவ்வளவுகளைக் கொண்டு வரையப்பட்டதே புலப்படம். நிலத்தின் வகை, பரப்பு, தீர்வை ஆகியவற்றைக் கூறுவது 'அ' பதிவேடு. நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதைக் காட்டுவது பட்டா.

இவ்வேடுகள் நெடுங்காலம் ஊர்க் கர்ணத்தின் பொறுப்பில் இருந்தன. எழுதப் படிக்க அறியாத உழவன், தன் நிலத்தைப் பற்றி ஏட்டில் எழுதப்பட்டிருப்பதை அவர் வாய்மொழியாகவே அறிய நேர்ந்தது. பரம்பரையாக வந்த அப்பதவி 1980ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர்க் கிராம நிருவாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். அதன்பின் ஏடுகள் கணினியில் ஏறின. இன்று 'தமிழ் நிலம்' என்னும் அமைப்பின் வாயிலாகப் பட்டா விவரங்கள் பேணப்படுகின்றன. பழைய புலப்படங்களின் அளவுகளும் எண்களாகக் கணினியில் இடப்பட்டு, அவற்றினின்று படங்கள் புதிதாக வரையப்பட்டுள்ளன.

கணினியில் உள்ள ஏட்டை மற்றொரு கணினி எவ்வாறு படிக்கும்? அதற்கென அமைந்த வாயிலே ஏ.பி.ஐ. எனப்படும் இடைமுகம். அதன் இயல்பை ஓர் உவமையால் உணரலாம். அலுவலகத்துச் சாளரத்தின் முன் ஒருவர் நிற்கிறார். அவர் ஏடுகள் உள்ள அறைக்குள் நுழைய இயலாது. குறித்த படிவத்தில் தம் வினாவை எழுதி நீட்டினால், உள்ளிருக்கும் எழுத்தர் ஏட்டைப் பார்த்து, வேண்டிய செய்தியை மட்டும் எழுதித் தருவார். படிவம் பிழைபட்டால் விடை கிடைக்காது. இடைமுகமும் அவ்வாறே இயங்குகிறது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகிய ஐந்தும் முறையே தரப்பட்டால், எண்ணற்ற புலங்களுள் அந்த ஒன்றைத் தேடி எடுத்துத் தரும்.

இதனால் விளையும் பயன் பெரிது. நிலத்தின் கிரயத்தைப் பதிவு செய்வது பதிவுத்துறை. பட்டா வழங்குவது வருவாய்த்துறை. இரண்டும் ஒன்றையொன்று அறியாதிருந்தால், விற்ற நிலமும் விற்றவர் பெயரிலேயே நிற்கும். வஞ்சகர் அதனை மீண்டும் ஒருவருக்கு விற்கவும் கூடும். இன்று அவ்விரு துறைகளின் கணினிகளும் இணைக்கப்பட்டுள்ளன. ஆதலின், பத்திரம் பதிவானதும் அச்செய்தி வருவாய்த்துறையைச் சென்று அடைகிறது.

கணினியில் மட்டுமே நிலவும் கற்பனை நகரங்களும் இன்று உள்ளன. 2020ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'டீசென்ட்ராலாண்ட்' அவற்றுள் ஒன்று. அதன் மனைகள் யாவும் 16 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உடைய சதுரங்கள். இரண்டு எண்களால் ஒரு மனையைச் சுட்டி இடைமுகத்தை வினவினால், அதன் உடைமையாளர் இன்னார் என்ற விடை உடனே வரும். அந்நகரில் ஏட்டுக்கும் நிலத்துக்கும் வேற்றுமை இல்லை, ஏடே நிலம். ஏட்டை மாற்றினால் நிலமும் மாறிவிடும். ஆதலின் அங்கே ஏடு நிலத்தோடு முரண்படுதல் என்பதே இல்லை.

இராயகிரியின் வயலோ அத்தகையது அன்று. அது ஏட்டுக்கு முன்னரே இருந்தது. அதன் வரப்பு வளைந்து செல்லும். ஓடை கரையை அரிக்கும். அளவைக் கல் மண்ணில் புதைந்து போகும். நிலத்துக்கு உரியவர் இறந்த பின்னும் அவர் பெயரே பட்டாவில் நின்று, அவர் மனைவியும் மக்களும் தம் உரிமையை மெய்ப்பிக்க அலைதலும் உண்டு. உட்பிரிவு எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால், ஒருவர் உழுத நிலம் மற்றொருவர் பெயரில் தோன்றும். இடைமுகம் இப்பிழையை அறியாது. பிழையான ஏட்டையும் மெய்யான ஏட்டையும் ஒரே விரைவில் எடுத்து நீட்டும். விரைந்து வரும் விடை உண்மையான விடையே ஆகும் என்பதற்கு உறுதி இல்லை. பட்டாவும் வருவாய்த்துறை தரும் சான்றே. உரிமையைப் பற்றிய வழக்கு எழுமாயின், அதனை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றமே.

ஆகவே, ஏட்டை யாவரும் காணுமாறு திறந்து வைத்தல் முதற்கடமை. கண்டவர் சுட்டும் பிழையை, நிலத்தை நேரில் அளந்து திருத்துதல் அதனினும் பெரிய கடமை. உழவனும் தன் பட்டாவையும் புலப்படத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்தல் நன்று. பெயர், பரப்பு, உட்பிரிவு எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு அறிதல் கடினம் அன்று. முன்னர்க் கர்ணத்திடம் கேட்டு அறிந்ததை இன்று பள்ளி மாணவரும் தம் பெற்றோர்க்குப் படித்துக் காட்டலாம். கற்ற கல்வி வீட்டுக்கும் வயலுக்கும் காவலாக அமைவது இவ்வாறே ஆகும்.