மாட்டிறைச்சியின் செந்நிறம்

அமெரிக்க நகரங்களிலுள்ள பெருங்கடைகளில் இறைச்சியானது கண்ணாடி போன்ற மெல்லிய தாளினாற் சுற்றப்பட்டு, குளிரூட்டிய தட்டுகளில் விளக்கொளியின் கீழ் அடுக்கப்பட்டிருக்கும். வாங்க வருவோர் அதனை முகர்ந்து பார்க்க வழியில்லை. கண் ஒன்றே துணை. செக்கச் செவேலென்றிருப்பதை எடுத்துக் கூடையில் இடுவர். ஓரத்தில் ஒரு விரலளவு கபிலநிறம் படர்ந்திருந்தாலும் விட்டு அப்பாற் செல்வர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட பொதியை மறுநாள் விலை குறைத்து விற்கவேண்டும், விலைபோகாவிடின் எறியவேண்டும். கடைக்கு வரும் மாட்டிறைச்சியில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு நிறங்கெட்ட காரணத்தால் விலை குறைக்கப்படுகிறதென்றும், அதனால் ஆண்டுதோறும் 100 கோடி டொலர் இழப்பு நேர்கிறதென்றும் 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். அவ்விறைச்சியிற் பெரும்பகுதி கெட்டதன்று. ஓர் உயிரைக் கொன்று பெற்ற உணவு நிறம் மாறிய குற்றத்துக்காகக் குப்பைக்குப் போகிறது.

இறைச்சி உண்ணாத நேயர்கள் இவ்விடயம் தமக்குரியதன்று என ஒதுக்கவேண்டியதில்லை. கடைத்தட்டில் நிகழ்வது, உயிருள்ள தசையில் ஒவ்வொரு கணமும் நிகழும் ஒரு போராட்டத்தின் கடைசிக் கட்டமேயாகும். அப்போராட்டம் மாட்டுக்கும் மனிதருக்கும் பொதுவானது.

இறைச்சியின் சிவப்பை இரத்தத்தின் சிவப்பென்றே பலரும் எண்ணுவர். மாடு வெட்டப்பட்டதும் இரத்தத்தின் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. எஞ்சும் செந்நிறம் மயோகுளோபின் என்னும் புரதத்துக்குரியது. தசையானது தனக்கு வேண்டிய ஒட்சிசனைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் இதுவே. நெடுநேரம் மூச்சடக்கிக் கடலாழத்திற் சஞ்சரிக்கும் திமிங்கிலத்தின் தசையில் இது மிகுந்திருப்பதால் அத்தசை கறுத்துத் தோன்றும். அத்தகைய திமிங்கிலமொன்றின் மயோகுளோபினைக் கொண்டே, 1958இல் கேம்பிரிட்ஜில் ஜோன் கென்றூ என்பார் ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பை உலகில் முதன்முதலாகக் கண்டு காட்டினார். 1962இல் மக்ஸ் பெரூட்சுடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

இப்புரதத்தின் நடுவே ஓர் இரும்பணு உண்டு. நிறமெல்லாம் அவ்விரும்பின் நிலையைப் பொறுத்ததே. புதிதாக அரிந்த இறைச்சியின் உட்புறம் காற்றுப் படாமையால் ஊதா கலந்த சிவப்பாயிருக்கும். காற்றுப் பட்டு ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஒட்சிசன் இரும்புடன் இணைய, வாங்குவோர் விரும்பும் ஒளிமிக்க சிவப்புத் தோன்றும். நாட்கள் செல்ல, இரும்பு ஓர் இலத்திரனை இழந்துவிடும். அந்நிலையில் ஒட்சிசனைப் பற்றும் ஆற்றல் அதற்கில்லை, நிறமும் கபிலமாகிவிடும். இரும்புத் தகட்டில் துரு ஏறுவதை இங்கு நினைத்துக்கொண்டாற் பெரிதும் தவறில்லை. எல்லாத் தசைகளிலும் இது ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. முதுகெலும்பின் உட்புறத்திலுள்ள மிக மிருதுவான தசை விலையில் உயர்ந்தது. நிறம் இழப்பதிலும் அதுவே முந்திக்கொள்ளும்.

இம்மாற்றத்தைத் துரிதப்படுத்துவது எது? உயிருள்ள கலமொன்று உணவை எரித்துச் சத்தியைப் பெறும்போது, உட்கொண்ட ஒட்சிசனில் ஒரு சிறு பங்கு அடங்காத் தன்மையுடைய மூலிகங்களாக மாறுகிறது. இவை அருகிலுள்ள எதையும் தாக்கி இலத்திரனைப் பறிப்பன. இவற்றை அடக்கவென்றே உடலிற் காவலர் பலர் உளர். அத்தகைய நொதியம் ஒன்றை 1969இல் அமெரிக்க விஞ்ஞானிகளான மக்கோட், பிரிடோவிச் என்போர் கண்டறிந்தனர். காவலரின் வலியைத் தாக்குவோரின் வலி விஞ்சும் நிலைக்கு 1985இல் செருமானிய அறிஞர் எல்மூட் சீஸ் என்பார் ஒரு பெயர் வழங்கினார். தமிழில் அதனை ஒட்சியேற்ற நெருக்கீடு எனலாம்.

முதலில் அடிபடுவது கலத்தின் மென்சவ்விலுள்ள கொழுப்பு. பங்குனி வெயிலிற் காய்ந்த பனையோலை வேலியின் ஒரு மூலையில் தீப்பொறி விழுந்தால் ஓர் ஓலை மறு ஓலையைப் பற்றவைத்துச் செல்வதுபோல, தாக்கப்பட்ட ஒரு கொழுப்பு மூலக்கூறு அடுத்ததைத் தாக்கும். நாட்பட்ட எண்ணெயில் எழும் காறல் வாடை இத்தாக்கத்தின் விளைவே. இவ்வாறு பிறக்கும் பொருள்கள் மயோகுளோபினையும் தாக்கி அதனைக் கபிலமாக்குகின்றன.

உயிருள்ள வரையில் இரத்தம் புதிய காவற்பொருள்களைக் கொண்டுவந்து சேர்க்கும். உயிர் பிரிந்தபின் தசைக்குக் கையிருப்பே கதி. அக்கையிருப்பு எவ்வளவு என்பது மாடு தின்ற தீனியைப் பொறுத்தது.

இங்கேதான் ரெக்சாஸ், கன்சாஸ், நெபிராஸ்கா முதலிய மாநிலங்களின் தீவனப் பட்டிகள் கவனத்துக்கு வருகின்றன. புல்வெளியில் வளர்ந்த கன்றுகள் அங்கு கொண்டுவரப்பட்டு, கடைசி நான்கைந்து மாதங்களுக்குச் சோளம் முதலிய தானியங்களால் ஊட்டப்படுகின்றன. தசையினூடே கொழுப்புப் படிய வேண்டும் என்பது நோக்கம். பச்சைப் புல்லில் விற்றமின் ஈ நிறைய உண்டு. வெட்டி வெயிலில் உலர்த்தினாற் பெரிதும் குறையும். சோளத்தில் அது சொற்பம். ஆகவே மாடு நிறையேறும் அதே மாதங்களிற் காவற்பொருளின் கையிருப்பு இறங்கிக்கொண்டே போகிறது. கோடை வெப்பமும் சேர்ந்துவிட்டால் நெருக்கீடு இருமடி.

விற்றமின் ஈ 1922இல் பேர்க்லியில் எவான்ஸ், பிசப் என்னும் இருவராற் கண்டறியப்பட்டது. எலிகள் கருவைத் தக்கவைத்து ஈனுவதற்கு அது தேவையென்பதே அன்று தெரிந்த செய்தி. இறைச்சிக் கடைக்கும் அதற்கும் தொடர்புண்டென்று அன்று யாரும் கனவிலும் கருதியிரார். கொழுப்பிற் கரையுந் தன்மையால் இது மென்சவ்வுக்குள்ளேயே குடியிருந்து, பற்றிவரும் தீயின் நடுவே நின்று தொடரை அறுத்துவிடுகிறது. விசுக்கொன்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், நலமடித்த காளைகளுக்கு இதனைத் தீனியோடு ஊட்டி, அவற்றின் இறைச்சி சிவப்புக் குன்றாமலும் காறலேறாமலும் கூடிய காலம் இருத்தலை 1989இல் வெளியிட்டனர். நாளொன்றுக்கு 500 அலகு வீதம் கடைசி நான்கு மாதங்கள் கொடுத்தாற் போதும் என்பது பின்னைய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. வெட்டிய இறைச்சியின்மீது அதே விற்றமினைத் தூவுவதால் இப்பயன் முழுதாய்க் கிட்டுவதில்லை. மென்சவ்வுக்குள் அதனை உரிய இடத்திற் கொண்டுபோய் வைக்கக்கூடியது உயிருள்ள மாட்டின் குருதியோட்டமே.

செலீனியம் என்னும் மூலகமும் இக்காவலிற் பங்குகொள்வது. அது குறைந்த மண்ணில் விளைந்த தீவனத்தை உண்ட பசுக்களின் கன்றுகள், தசை வெளிறி நிற்கவும் இயலாது விழும் நோயாற் பீடிக்கப்படுவதுண்டு.

வணிகர் வேறு வழிகளையும் நாடினர். பொதிக்குள் நூற்றுக்கு 80 பங்கு ஒட்சிசனை அடைத்தனர். சிவப்பு நீடித்தது, கொழுப்பிற் காறல் விரைந்தது, தசையும் கடினமாயிற்று. நூற்றுக்கு அரைப்பங்கிலும் குறைவான காபனோரொட்சைட்டைச் சேர்த்தாலோ சிவப்பு வாரக்கணக்கில் மாறாது; உள்ளே இறைச்சி பழுதுற்றாலும் மாறாது. 2004இல் ஐக்கிய அமெரிக்கா இதற்கு இடமளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இடமளிக்கவில்லை. இவ்விடயத்தில் ஐரோப்பியரின் எச்சரிக்கையே ஏற்புடையதெனத் தோன்றுகிறது.

அடுப்பிலும் நிறம் ஏமாற்றும். ஒட்சியேற்றம் முன்னரே நிகழ்ந்த அரைத்த இறைச்சி, போதிய வெப்பம் ஏறுமுன்னரே வெந்ததுபோலக் கபிலமாகிவிடும், நோய்க்கிருமிகளோ உயிரோடிருக்கும். ஆதலினாலேயே நிறத்தை நம்பாது வெப்பமானியைச் செருகி, 71 பாகை செல்சியசை எட்டியதா எனப் பார்க்குமாறு அமெரிக்க விவசாயத் திணைக்களம் இல்லத்தரசிகளுக்குக் கூறுகிறது.

இத்தனை தெளிவான பயனிருந்தும் விற்றமின் ஈ ஊட்டுதல் எல்லாப் பட்டிகளிலும் போதிய அளவில் நடைபெறுவதில்லை. அதற்குரிய செலவு பட்டிக்காரருடையது, ஆதாயம் கடைக்காரருடையது. மாட்டை நிறைக்கணக்கில் விற்றுப் பணத்தை எண்ணிக்கொண்ட பட்டிக்காரருக்கு, சில வாரங்களின் பின் எங்கோ ஒரு நகரத்துக் கடைத்தட்டில் அதன் இறைச்சி சிவந்திருந்ததா, கபிலமாயிற்றா என்று எவரும் எழுதியனுப்புவதில்லை.